பதில் ஆள்

திரையில் நடந்துகொண்டிருந்த அப்பா, திடீரென்று வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார். வைத்த கையை இறக்கவேயில்லை. அப்படியே ஒரு மைல் நடந்தார்.

எப்சிபா கடித்துக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

அது கேமராவில் அப்பாவைப் பிடித்த படம் இல்லை. அப்பாவின் மணிக்கட்டில் கிடக்கும் காப்பு அனுப்புகிற விவரங்களை வைத்துக் கணினி வரைந்த கோட்டு உருவம். இன்னும் பதினெட்டு நாளில், அவள் குடியேறியிருக்கும் வெலிங்டனில் முதியோர் நலம் பற்றிய உலக மாநாடு. ஐம்பத்திரண்டு நாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். கடைசி நாள் மேடையில் ஏறப்போகிறவர் மருத்துவர் இல்லை. ஞானதுரை, வயது எழுபத்தொன்று, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் எந்திரத்தை ஓட்டி ஓய்வுபெற்ற வின்ச் ஆபரேட்டர். எப்சியின் அப்பா. அவர் மேடைக்கு வரும்போது பின்னால் ஓடவேண்டிய படத்தைத்தான் அவள் தயார் செய்துகொண்டிருந்தாள்.

காப்பு என்பது பெயருக்கேற்றபடி கையில் மாட்டுகிற மெல்லிய வளையம். நாடி, நடை, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்து, பிறந்த தேதி என்னவாக இருந்தாலும் இந்த உடம்புக்கு உண்மையில் என்ன வயது என்று தினமும் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் வந்தபிறகு பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. வீடு வாடகைக்கு விடுகிறவர் உடல் வயதைக் கேட்டார். பெண் கொடுக்கிறவர் கேட்டார். குடியேறி வந்தவர்கள் பெற்றோரைக் கூட்டிவந்து கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் குடியேற்ற அதிகாரியும் அதைத்தான் கேட்டார். அறுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் வரலாம், தங்கலாம். மேலே இருந்தால் விருந்தாளியாக வந்துவிட்டுப் போகலாம்.

எப்சி வேலை பார்க்கும் ஆய்வு மையம் நாலாயிரம் முதியவர்களுக்குக் காப்பு மாட்டியிருந்தது. ஊரில் இருக்கும் பெரியவருக்கு ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று என்று ஜோடியாகக் கொடுத்தார்கள். எப்சியின் கையிலும் ஒன்று கிடந்தது. குளிக்கும்போது கழற்றுவாள், குளித்ததும் மாட்டுவாள், அதோடு சரி. அவள் பார்த்ததெல்லாம் அப்பாவின் எண்ணை மட்டும்தான்.

முதல் மூன்று மாதம் அது அவளைப் பாடாய்ப் படுத்தியது. எழுபத்து நாலு என்று தொடங்கிய எண் எழுபத்தாறுக்கு ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. இரண்டு முறை ஊருக்கு டிக்கெட் போட்டு, லீவு கிடைக்காமல் ரத்து செய்தாள். பஸ்ஸில் நின்றபடி அழுதாள். பிறகு, யார் செய்த புண்ணியமோ, எண் இறங்கத் தொடங்கியது. எழுபது. அறுபத்தாறு. இப்போது அறுபத்திரண்டு. நாலாயிரம் பேரில் பதினாலு வயது குறைந்தவர் அவர் ஒருவர்தான். அப்பாவுக்காக அவள் ஓர் அறையை ஒழித்து, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டாள்.

இப்போது அந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார். அதுவும் இடது காலை இழுக்காமல். வின்சின் எஃகுக் கயிறு அறுந்து காலில் அடித்த நாளிலிருந்து, அம்மா உயிரோடு இருந்தபோது கிண்டல் பண்ணுகிற அளவுக்கு, ஒரு காலை இழுத்துத்தான் அவர் நடப்பார்.

மணி இரண்டானது. ஊரில் காலை ஏழரை. தினமும் பேசுகிற நேரம். முப்பத்தைந்து வருஷம் வின்ச் இரைச்சலில் கிடந்து அப்பாவுக்குக் காது போய்விட்டது. அதனால் எப்சி பேசுவதைப் போன் எழுத்தாக்கி, அவருடைய போனில் கொட்டை கொட்டையாகக் காட்டும். அவர் வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். எழுத்தில் குரல் நடுங்குவது தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி உண்டு.

"அப்பா, காலையில நடக்கப் போனீங்களா?"

"போனேனே. ஹார்பர் கேட்டு வரைக்கும்."

"தலையில என்ன வச்சிருந்தீங்க?"

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். மறுபடி வாசித்தார். "தலையிலயா? முடிதான் தாயி. அதுவும் கொஞ்சம்தான் கெடக்கு."

"வெளயாடாதீங்கப்பா. ஒரு மைலு கைய தூக்கிக்கிட்டே நடந்திருக்கீங்க."

அப்பா வாயைத் திறக்குமுன் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அய்யய்யோ, அது கூடைல்லா! கூடைய புடிச்சேம்லா!"

பக்கத்து வீட்டுப் பாக்கியம். அறுபத்தாறு வயது. விடியுமுன் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "பாக்கியம், நீ உள்ள போ."

"எங்க உள்ள போக? மாட்டிக்கிட்டோம்லா. சொல்லிருங்க அண்ணாச்சி." பாக்கியம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குள் வந்தாள். "ஏளா எப்சி, கோவப்படாத. காலையில அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் காப்ப நான்தான் போடுதேன். எட்டுத் தெரு சுத்துதேன், அது உங்கப்பா பேருல ஏறட்டுமேன்னு."

எப்சி நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். அதுவரை அப்பாவின் போனில் எழுத்து ஒன்றும் வரவில்லை. அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ராத்திரி?" என்றாள்.

"இசக்கி," என்றார் அப்பா.

"இசக்கி மாமா தூக்கமா அது?"

இசக்கிமுத்துவும் அங்கேதான் நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்தார். அப்பாவோடு ஒரே கேங்கில் சரக்கு இறக்கக் கப்பல் ஏறியவர். "நான் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது தாயி. கேங்குக்கே தெரிஞ்ச விஷயம்."

"சாயங்காலம்?"

"காஜா அண்ணாச்சி," என்றார் அப்பா. "அவருக்கு நாடி நிதானம்."

காஜா முகைதீனின் முகமும் ஓரத்தில் வந்தது. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க்காக இருந்தவர். "பதட்டப்பட்டா எண்ணிக்கை தப்பிரும்லா மகளே. முப்பது வருஷப் பழக்கம்."

"அப்பா, அப்ப நீங்க எப்பதான் போடுவீங்க?"

"உங்கூட பேசுற இந்த அரை மணி நேரம்." மேசைக்கு அடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மேலே வைத்தார். அது ஆடியது. காற்றுக்கு ஆடுகிற துணி மாதிரி தன்பாட்டுக்கு ஆடியது. "நடுக்குவாதமாம். பத்து மாசமாச்சி. மாத்திர சாப்புடுதேன். இசக்கிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். பயப்படாத."

எப்சி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அரை மணி நேரத்து ஆட்டம் அவளுக்குத் தெரியும். அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர் என்று, அதைப் 'பேச்சு' எனக் குறித்து, தினமும் அவளேதான் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். நாள் முழுதும் வந்ததில் அப்பாவுடையது அது ஒன்றுதான். அதை எறிந்துவிட்டு மற்றவர்களைக் கூட்டி அப்பா என்று வைத்திருக்கிறாள்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?"

"பதில் ஆளு போட்டிருக்கோம், வேறென்ன?" அப்பா சாதாரணமாகச் சொன்னார். "கேங்குல பதினாறு பேரு. ஆளுக்கொரு பித்தள டோக்கன். ஒருத்தனுக்குக் காச்சல்னா, ரெஸ்ட்டுல இருக்கவன் அந்த டோக்கன மாட்டிக்கிட்டு கப்பல்ல ஏறுவான். சூப்பர்வைசரு டோக்கனத்தான் எண்ணுவாரு, மூஞ்சியவா பாத்தாரு? காச்சக்காரன் எந்திச்சு வரும்போது அவன் எடம் அப்படியே இருக்கும். இதுக்கு நன்றி சொல்றதும் கெடையாது, கேக்கதும் கெடையாது."

"இது டோக்கன் இல்லப்பா!" சத்தம் போட்டாள். எழுத்து பெரிதாகவில்லை, ஒரே அளவில்தான் போய்ச் சேர்ந்தது. "இத வச்சுத்தான் யாருக்கு என்ன மருந்துன்னு முடிவு செய்வாங்க. உங்க கை ஆடுன அன்னைக்கே இங்க டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். பத்து மாசமா நான் இசக்கி மாமா தூக்கத்த பாத்துக்கிட்டுல்லா நிம்மதியா தூங்கிருக்கேன்?"

இசக்கி மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஒரு தூக்கத்துல ரெண்டு பேரு தூங்கிருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாக்கியம் மட்டும் பொங்கிச் சிரித்து, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எப்சியின் கோபத்தைத் தணிக்கவோ என்னவோ, காஜா போனை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டி அறையின் தகரக் கதவில் சாக்கட்டியால் கட்டம் போட்டு வைத்திருந்தார். தேதி, ஷிப்ட், ஆள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் கடைசியில் ஓர் எண். நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, மறுபடி நாற்பத்தைந்து. சாயங்காலம் கேரம் விளையாடுகிற பாயின்டாக இருக்கும் என்று நினைத்தாள். கேட்கிற மனநிலையில் அவள் இல்லை.

"ஒழுங்காத்தான் மகளே நடத்துனோம்," என்றார் காஜா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று முழுக்க எப்சி எண்களின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மைலை அழித்துவிட்டால் போதும். வேறு யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அப்பா வருவார். அந்தக் கட்டிலில் படுப்பார். கை ஆடினால் இவளே பிடித்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டாலோ, அப்பா எழுபத்தைந்தோ எழுபத்தெட்டோ, இனி என்றைக்கும் விருந்தாளிதான்.

அழித்தாள். 'பிழை' என்று குறித்தாள். திரையில் அப்பா கையைக் கீழே போட்டுக்கொண்டு அழகாக நடந்தார். யாருடைய நடையும் இல்லாத நடை. இரண்டு நாள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒரு மைல் பாக்கியம் அத்தை தலையில் சுமந்து நடந்த மைல். அதைப் பிழை என்று எழுதிய கை கூசியது.

மூன்றாம் நாள் ஆய்வுத் தலைவி டாக்டர் ஆனெட்டின் அறைக்குப் போனாள். ஆனெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். எப்சி சொல்லி முடிக்கும்வரை கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"இத சொன்னதால உங்க அப்பா இங்க வந்து தங்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"எப்படியும் நான் கண்டுபிடிச்சிருப்பேன்னு நெனைக்கிறியா?"

"இல்ல. நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க. உங்களுக்கு எங்க அப்பா நடை தெரியாது."

ஆனெட் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அந்த அம்மா கூடையில எத்தன கிலோ இருக்கும்?"

"பதினஞ்சுக்குக் கொறையாது."

"அறுபத்தாறு வயசுலயா?" ஆனெட் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து எப்சி பார்த்தது அன்றுதான். "இன்னும் மூணு காப்பு அனுப்பு. நாலு பேரும் தனித்தனியா மாட்டட்டும். ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லு."

"சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியல."

கேட்டார்கள். மாநாட்டுக்கு முந்தின நாள் நாலு பேருடைய எண்ணும் வந்தது.

பெரிய மண்டபம். மத்தியானம் மூன்று மணி. 'வயது குறைந்த மனிதர்' என்று அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அந்த வரியை அடித்து, 'நான்கு பேர்' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்குப் பதில் எப்சி மேடையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பெரிய திரையில், மொட்டைமாடியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாலு பேரும் கல்யாண வீட்டுப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் பூ வைத்திருந்தாள்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தகவல் கெட்டுப்போனது, அதில் தன் தவறும் உண்டு, அப்பாவின் பெயர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்றாள். பிறகு தனித்தனி எண்களைக் காட்டினாள்.

"பாக்கியம், அறுபத்தாறு. உடம்பு அம்பத்தொம்பது. காஜா முகைதீன், எழுபத்து மூணு. உடம்பு அறுபத்தேழு. இசக்கிமுத்து, எழுபது. உடம்பு அறுபத்து நாலு. இவர் முப்பது வருஷமா குடிச்சவர். ராத்திரி ஷிப்ட் கெடச்ச நாள்லேருந்து குடிக்கல. ஏன்னு கேட்டேன். 'அடுத்தவன் டோக்கன மாட்டிக்கிட்டு எவனாவது குடிப்பானா'ன்னு கேட்டாரு."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"எங்க அப்பா, எழுபத்தொண்ணு. உடம்பு எழுபத்தஞ்சு. இந்த நோய் வந்தவங்களுக்கு இந்நேரம் எண்பது தாண்டியிருக்கும்னு டாக்டர் ஆனெட் சொல்றாங்க. அவங்க இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. பத்து மாசத்துல பதிவானதுலயே மிகச் சிறந்த இதயத் துடிப்பு காலைல ஏழரைலேருந்து எட்டு வரைக்கும் பதிவானது. அது யாரும் பதில் ஆள் போடாத நேரம்."

நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். ஏதோ ஒரு நாட்டின் குடியேற்றத் துறை ஆலோசகராம். "மனதைத் தொடும் கதை," என்றார் மரியாதையாகவே. "ஆனால் உள்ளபடி சொன்னால், இங்கே வந்து தங்க அனுமதி வாங்குவதற்காக நாலு பேர் சேர்ந்து எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். அப்படித்தானே?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். திரும்பி, கையிலிருந்த போனில் பேசினாள். அவள் பேசியது அப்பாவின் போனில் எழுத்தாகப் போனது. "அப்பா, விசாவுக்காகத்தான் செஞ்சீங்களான்னு கேக்காங்க."

அப்பா வாசித்தார். சிரித்தார். "விசாவா? அந்தக் குளுருல வந்து நான் என்ன செய்ய? கேரம் ஆட ஆளு உண்டா அங்க?"

"பெறகு யாரு நம்பர கொறைக்கதுக்குப்பா இவ்வளவும்?"

"என்னட்டி கேள்வி இது? உன் நம்பரத்தான்."

எப்சிக்குப் புரியவில்லை. காஜா எழுந்து தகரக் கதவைத் திரைக்குத் தெரியும்படி திறந்து வைத்தார். தேதி, ஷிப்ட், ஆள். கடைசியில் அந்த எண்.

"ஜோடிக் காப்புல்லா மகளே," என்றார் காஜா. "உனக்கு உங்கப்பா நம்பர் தெரியும். எங்களுக்கு ஒன்னோடது தெரியும். இருபத்தேழு வயசுப் புள்ளைக்கு நாப்பத்தாறு காட்டுச்சு. உங்கப்பன் நம்பர் ஒண்ணு ஏறுனா உனக்கு ரெண்டு ஏறும். ஆடிப்போயிட்டோம்."

"நீ என்ன அனுப்புவ?" என்றார் அப்பா. "நல்லா இருக்கேம்ப்பா, சாப்ட்டேம்ப்பா. தெனமும் அதே எழுத்து. எனக்கு உங்குரல் கேக்காது தாயி. காப்புதான சொல்லுது. அதான் கேங்க கூப்பிட்டேன். என் நம்பர எறக்குனா அவ நம்பர் எறங்கும், ஆளுக்கொரு ஷிப்ட் போடுங்கடேன்னு."

கதவில் எண்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தன. நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. முப்பத்தொன்பது. முப்பத்து நாலு. முப்பது. பக்கத்தில் யார் யாரோ போட்ட ஷிப்ட். ஐம்பத்திரண்டு நாட்டு மருத்துவர்களும் எழுத்துப் புரியாத அந்தத் தகரக் கதவை, மொழிபெயர்ப்பு காதில் ஓட ஓட, பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பதினெட்டு நாளா மறுபடி ஏறிப் போச்சு," என்றாள் பாக்கியம், தன்னால்தான் என்பதுபோல. "அந்தக் கூடைய அன்னைக்கு நான் புடிக்காம இருந்திருக்கலாம்."

"இன்னைக்கு எவ்வளவு?" என்று எப்சி கேட்டாள். முதல்முறையாக.

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நாப்பத்தொண்ணு. ஏட்டி, மேடையில அவ்வளவு பயமா?"

மண்டபமே சிரித்தது. எப்சியும் சிரித்தாள், அழுதாள், எதை முதலில் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முன்வரிசையில் இருந்த ஆனெட் படியேறி மேடைக்கு வந்தார். கையை நீட்டினார். எப்சி முழித்தாள்.

"கழட்டிக் குடு," என்றார் ஆனெட். "காலையிலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல. போய்ச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எந்திரி. இந்த ஷிப்ட் நான் போடறேன்."

"டாக்டர், தகவல் கெட்டுப்போகும்."

"கெடட்டும். ஜோடியில பிள்ளைங்க பக்கத்த நானும் பாக்காமத்தான் இருந்தேன்."

எப்சி காப்பைக் கழற்றினாள். அவள் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. ஆனெட் அதை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்தான்.

திரையில் காஜா முகைதீன் இதையெல்லாம் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். கதவில் கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

"மகளே," என்றார், "அந்தம்மா பேரு என்ன?"